நாலு கோலும் மஞ்சள் வானமும்

இது கதை கிடையாது. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் திருவொற்றியூர் வந்து, என் பார்லர் பெஞ்சில் ஒரு மதியம் தனியாக உட்கார்ந்து பாருங்கள். நான் அதில் உட்காருவதில்லை.

பார்லரில் புருவம் திருத்துவேன். கேட்டால் டாரட் கார்டும் பார்ப்பேன். படத்தையும் நிறத்தையும் வைத்துப் பலன் சொல்வது. சிவப்பு என்றால் ஆசை, நீலம் என்றால் மனசு, மஞ்சள் என்றால் சந்தோஷம். ஊரே என் வாக்கைக் கேட்கும். என் தங்கை மதி மட்டும் கேட்க மாட்டாள்.

அவள் புருஷன் நீலமேகம் எண்ணூரில் டிரெய்லர் ஓட்டுகிறவன். அடித்து விலா எலும்பை உடைத்து அனுப்பியிருந்தான். ஒரு மாதம் எங்கள் வீட்டில் கிடந்தாள். 'இனிமே கை வைக்க மாட்டேன், வா' என்று ஒரே ஒரு போன். இவள் உருகிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

"கார்டு போடுக்கா. நல்லதா வந்தா போறேன்," என்றாள்.

போன மே மாதம். கத்திரி வெயில். மதியம் மூன்று மணி, கரண்ட் இல்லை. கடையில் நாங்கள் இருவர்தான். கலைத்துக் கொடுத்தேன். மதி ஒன்றை எடுத்தாள்.

நாலு கோல். பாழாய்ப்போன நாலு கோல்! மஞ்சள் வானம். நட்டு வைத்த நான்கு கழிகள், மேலே பூச்சரம். இரண்டு பெண்கள் பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தல், வீடு திரும்புதல் என்று பலன். பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். ஆனால் மதியும் என்னிடம் கார்டு கற்றவள்தான்.

"பந்தல்க்கா! மஞ்சளப் பாரு!" முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு.

"பந்தலா அது?"

பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

கதவில் மணி கட்டியிருக்கிறேன்... அது அடிக்கவில்லை. புருவம் எடுக்க வந்தவள் என்று நினைத்தேன். ஆனால் முகம் முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. புதுப் புடவை. தலை நிறையப் பூ. அந்த வெயிலில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"பாடைம்மா அது," என்றாள். "நாலு கழி, மேல பூ. உள்ள படுக்கத்தான் ஆள் இல்ல."

"யாரு நீ? இன்னா பேச்சு பேசுற?" என்றேன்.

அவள் கையை நீட்டிக் கார்டின் வானத்தைத் தொட்டாள். கை நிறையக் கண்ணாடி வளையல்... சத்தமே இல்லை.

"மஞ்சன்னா சந்தோஷமா? எனுக்கும் பூசிகீது பாரு."

"வூட்லருந்தே பூசிகினு வந்தியா?" என்றேன்.

"நானா பூசிக்கல. பூசி வுட்டாங்கோ."

சம்பங்கி வாசனை மூக்கை அடைத்தது.

மதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பார்த்தேன்.

இரண்டு கால் கட்டை விரலையும்... சேர்த்து... வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

நிமிர்ந்தேன்.

பெஞ்ச் காலி.

மதி அவனிடம் போகவில்லை. பீடை விட்டது என்றிருந்தோம். அவனுக்கு முன்னாடியே ஒரு பெண்டாட்டி இருந்து செத்திருப்பாள், அந்தப் புண்ணியவதிதான் வந்து காப்பாற்றினாள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

கார்த்திகையில் எண்ணூர் பஸ்ஸில் போனேன். கத்திவாக்கத்தில் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மழையில் நனைந்தபடி. அதே முகம். புஷ்பவல்லி, வயது 23. கீழே கணவன் பெயர், நீலமேகம்.

இறங்கி ஓடினேன். டீக்கடை வைத்திருக்கும் கமாலுதீன் பாயிடம் கேட்டேன்.

"வழுக்கி வுயுந்துட்டாளாம். அவன் சொல்றான், கேட்டுக்க வேண்டியதுதான்," என்றார். "ரெண்டாந்தாரம்மா. மொத பொண்டாட்டி வரமாட்டேன்னுட்டா. ஆடி கடைசில கொருக்குப்பேட்டைல இந்தப் பொண்ணப் பாத்தாங்கோ, ஆவணில கண்ணாலம். போன வாரம் தூக்கினு போனாங்கோ."

மதியிடம் இதை நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

அந்த மஞ்சள் முகம் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மே மாதம், புஷ்பவல்லி கொருக்குப்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தாள். உயிரோடு. நீலமேகம் என்று ஒருவன் இருப்பதே தெரியாமல்.