காதில்லாத கிடாக்கள்

என் கூடப்பிறந்த அண்ணனை, என் காக்காவை, நான் இரண்டு தடவை துரோகி என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். முதல் தடவை பிழை என்னுடையது. அதற்காக அவர் கையைப் பிடித்து அழுது மன்னிப்பும் கேட்டேன். இரண்டாம் தடவையைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் இன்றைக்கும் எழும்பி வெளியே போய்விடுவார்.

மடவளையில் எங்கள் உம்மாவுக்கு ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது. வாப்பா மௌத்தான பிறகு எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தது அந்த ஆடுகள்தான். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் கண்டியிலிருந்தும் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் குர்பானுக்குக் கிடா தேடி ஆட்கள் வருவார்கள். குர்பானாக அறுத்துப் பலி கொடுக்கும் ஆட்டில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. நொண்டி ஆகாது, குருடு ஆகாது, காது இல்லாததும் ஆகாது. பல்லைத் திறந்து பார்த்து, கால்களைத் தடவி, இரண்டு காதையும் இழுத்துப் பார்த்து நல்லதைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. கல்யாணம் முடித்துக் கட்டுகஸ்தோட்டைக்குப் போன பிறகும் பெருநாளுக்கு ஒரு கிழமை முன்னால் அதற்கென்றே வந்துவிடுவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று உம்மா ஊரெல்லாம் சொல்வார். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

ஒரு வருஷம் பிறவியிலேயே காது இல்லாத குட்டி ஒன்று பிறந்தது. காது இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த வெற்றிலைக் காம்பு போல ஒரு சின்னத் துண்டு. மற்றபடி ஆள் முரடன். எதைப் போட்டாலும் தின்பான், மழைக்கும் பனிக்கும் அசைய மாட்டான். வந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். காதுள்ள கிடாக்கள் எல்லாம் பெருநாளுக்குப் போய்விட, பெட்டை ஆடுகளோடு அவன் மட்டும் பட்டியில் மிஞ்சினான். அடுத்த வருஷமும் அப்படித்தான், அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். நாங்கள் அதை ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளைப்பேறு அடுத்தடுத்து வந்தது. சில வருஷங்கள் பட்டிப் பக்கம் நான் போகவில்லை, காக்காதான் பார்த்துக்கொண்டார். உம்மா படுக்கையில் விழுந்தபோதுதான் மடவளைக்குப் போய்த் தங்கினேன். கடைசி நாட்களில் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டு உம்மா வஸிய்யத்துச் சொன்னார்.

"எனக்குப் பொறகு என்ட பேர்ல ஒரு குர்பான் குடுங்க. என்ட பட்டியில பொறந்த கெடாவா ஈக்கோணும். வெளிய வாங்கினது வாணாம்."

உம்மா எங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான். சரி என்றோம். சில நாளில் உம்மாவும் மௌத்தாகிவிட்டார்.

அந்த வருஷப் பெருநாளுக்குக் கிடா பொறுக்க நான் பட்டிக்குள் போனேன். ஒன்றைப் பிடித்தேன், காது இல்லை. இன்னொன்றைப் பிடித்தேன், அரைக் காது. குட்டிகள்வரை தேடிவிட்டேன். உம்மாவின் பேரில் அறுக்க ஒரு கிடாவும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உம்மாட ஆடெல்லாம் எங்க காக்கா? நல்லதெல்லாம் வித்துப் போட்டு ஆர்ட கழிசலக் கொண்டாந்து கட்டி வெச்சீக்கிறீங்க?"

"ஒண்டையும் மாத்தல்ல, தங்கச்சி. எல்லாம் இந்தப் பட்டியில பொறந்ததுதான்."

நான் நம்பவில்லை. துரோகி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை.

கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகு மறுபடியும் போனேன். எங்கள் உம்மாவின் ஆட்டு வர்க்கத்துக்கு நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். பட்டியில் நின்ற அத்தனைக்கும் அந்தப் பொட்டு இருந்தது. காக்கா ஒன்றையும் மாற்றவில்லை. அவை எல்லாவற்றுக்கும் தகப்பன் அந்தக் காதில்லாத முரடன், அவனுக்குப் பிறகு அவனுடைய மகன்கள். வருஷா வருஷம் நல்ல கிடாக்களைத் தேடிப் பிடித்துக் கத்திக்கு அனுப்பியது நான். காட்டில் ஓட மாட்டாத மானைப் புலி பிடிக்கும், ஓடத் தெரிந்தது மிஞ்சிக் குட்டி போடும், அப்படியே தலைமுறைக்குத் தலைமுறை மான் கூட்டமே மாறும் என்று பிற்காலத்தில் என் மகனின் பள்ளிப் புத்தகத்தில் வாசித்தேன். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் பட்டியில் காது இல்லாததுதான் பிழைக்கும் வழியாக இருந்தது. அந்தக் குறையே அவற்றின் உயிரைக் காப்பாற்றியது, நாங்கள்தான் அதைக் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத்தான் காக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் அழுதார். அந்த வருஷம் பிறந்த குட்டிகளில் அதிசயமாக ஒன்றுக்கு இரண்டு காதும் முழுசாகத் தொங்கின, நெற்றியில் பொட்டும் இருந்தது. ஆட்டுக்கு இரண்டு வயது நிறைந்தால்தான் குர்பானுக்கு ஆகும்.

"இது உம்மாட கெடா. அல்லா மேல ஆணையா நான் வளத்துத் தாறன்" என்றார் காக்கா.

இரண்டு வருஷம் காத்திருந்தேன். போகும்போதெல்லாம் அதற்குப் பலா இலை கொடுத்து, காதைத் தடவிவிட்டு வருவேன். பெருநாளின் இரண்டாம் நாள் அறுப்பதாக ஏற்பாடு. முதல் நாள் பகல் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு முதலாளியின் மனைவி வழக்கம்போல அவர்கள் குர்பானில் எங்கள் பங்கு இறைச்சியைக் கொடுத்தனுப்பினார். ஈரலைப் பொரித்தேன், எல்லோரும் தின்றோம். பின்னேரம் கோப்பையை வாங்க அவரே வந்தார்.

"ருசி எப்படி? ஒங்கட காக்காதான் தந்தார். நெத்தியில பொட்டோட, காது ரெண்டும் எப்படி நீளம் தெரியுமா!"

விடிந்ததும் மடவளைக்குப் போனேன். காக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதலாளி நேர்ல வந்து கேட்டார், தங்கச்சி. அவருக்குக் குடுக்கிற மாதிரி வேற ஒண்டும் ஈக்கல்லயே."

பிறகு பட்டிக்குள் போய்க் காதில்லாத ஒரு கிடாவை இழுத்துக்கொண்டு வந்தார்.

"உம்மாக்கு இதக் குடுப்போம். அவ பாக்கவா போறா?"

கயிற்றை அவர் கையிலிருந்து பறித்து எறிந்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உம்மாவின் கிடா உம்மாவுக்குப் போய்ச் சேரவில்லை, அதன் ஈரலை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு தின்றவள் நான்.