எழுதினது ஊர் உலகம், ஸ்டிக்கர் எங்க முதலாளியோடது

யாரோ ராப்பகலா உட்கார்ந்து எழுதி, ‘சும்மாவே எடுத்துக்கோ’ன்னு கொடுத்த மென்பொருளை சி.டி.யில காப்பி போட்டு, மேல நம்ம ஸ்டிக்கரை ஒட்டி விக்கிறதுக்குப் பேரு சாஃப்ட்வேர் கம்பெனி. இரண்டாயிரத்துக்கு அப்புறம், சி.டி.க்கு மவுசு இருந்த காலத்துல, திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல அப்படி ஒரு கம்பெனியில மூணு வருஷம் குப்பை கொட்டினவ நான். உங்களுக்கும் இப்படி ஒரு முதலாளி வாய்ச்சிருந்தா, என் வயித்தெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பேர் மாத்துற உத்தியோகம்

எங்க முதலாளி குமரேசன் சார் அதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தவர். அதனால இந்தத் தொழில் அவருக்கு சட்டுனு பிடிபட்டுச்சு. நாங்க வித்தது லெட்டர், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிக்கிற ஒரு மென்பொருள். பல நாட்டுல இருந்து முந்நூறு பேருக்கு மேல சேர்ந்து எழுதினது. ‘உதவி’ன்னு இருக்கிற பட்டனை அழுத்தினா அவங்க பேரெல்லாம் வரிசையா ஓடும். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அந்த லிஸ்டை அழிச்சிட்டு முதலாளி பேரை வெக்கணும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சதுக்கு எனக்குக் கிடைச்ச முதல் வேலை அதுதான்.

“சார், எழுதினவங்க பேரு இருந்துட்டுப் போகட்டுமே”ன்னேன். மனுஷன் நிஜமாவே குழம்பிட்டார். “ஏம்மா, ஜெராக்ஸ் எடுத்தா புத்தகம் எழுதினவன் பேரையா கடை போர்டுல போடுவாங்க?”ன்னார்.

மாமன் காணாமப் போனது

கீழ்பென்னாத்தூர்ல பத்திரிகை அச்சடிக்கிற கரீம் பாய் எங்க கஸ்டமர். அந்த மென்பொருள்ல ஒரு கோளாறு இருந்துச்சு. தமிழ்ல அடிச்சா பக்கத்தோட கடைசி வரி ஸ்கிரீன்ல இருக்கும், பேப்பர்ல வராது. ஒரு கல்யாணப் பத்திரிகையில அந்தக் கடைசி வரிதான் பொண்ணோட தாய்மாமன் பேரு. பாதிப் பத்திரிகை கொடுத்து முடிச்சப்புறம்தான் கவனிச்சிருக்காங்க. மாமன் சீர் செய்ய மாட்டேன்னு முறுக்கிக்கிட்டார்.

பாய் பஸ் ஏறி வந்து பத்திரிகையை என் மேஜையில வெச்சார். கோவப்படக்கூட இல்ல. “உங்க சி.டி.ல எல்லாமே ஜாஸ்தின்னு சொன்னீங்களேம்மா, இங்க ஒரு மாமன் கம்மியா இருக்காரு”ன்னார்.

புளிசாத வள்ளல்

எட்டு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டு அதைச் சரி பண்ணேன். ஆறு மாசத்துல புதுப் பதிப்பு வந்துச்சு, அதே கோளாறும் கூடவே வந்துச்சு. மறுபடி பண்ணேன். அடுத்த பதிப்பு, மறுபடியும். வராம என்ன பண்ணும்? நாங்க சரி பண்ணது அதை எழுதினவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே!

ஒரு பௌர்ணமி. அடி அண்ணாமலையில சார் கிரிவலம் வர்றவங்களுக்குப் புளிசாதம் கொடுத்துட்டிருந்தார். பின்னாடி கதவு சைஸ்ல அவர் முகம் போட்ட பேனர். கொடுக்கிற கை, இன்னைக்குக் கேட்டா இளகும்னு நெனச்சேன். “சார், நம்ம திருத்தத்தை எழுதினவங்களுக்கே அனுப்பிடலாம். உள்ளயே சேர்த்துடுவாங்க. எல்லாருக்கும் சரியாயிடும்”னேன்.

கரண்டியை ஓங்கின மாதிரியே பிடிச்சிக்கிட்டு சொன்னார்: “புளிசாதம் வாங்கறவன் கும்பிட்டுட்டுப் போறான். அதை அனுப்பினா எவன்மா நம்மளைக் கும்பிடுவான்? போட்டிக் கம்பெனிக்காரனுக்கும்ல சரியாயிடும்!”

ஆசிரமத்துப் பக்கம் ஒரு திருட்டு

நானே அனுப்பிட்டேன். ரமணாசிரமத்துக்கிட்ட ஒரு பிரவுசிங் சென்டர். ரெண்டு பக்கமும் வெள்ளைக்காரங்க வீட்டுக்கு மெயில் அடிச்சிட்டிருக்காங்க, நடுவுல நான் திருடி மாதிரி முந்தானையால முகத்தைத் துடைச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நாங்க சி.டி. விக்கிற கதையையும் ரெண்டு வரி எழுதினேன்.

மூணாம் நாள் பதில். ரொம்ப நன்றி, அடுத்த பதிப்புல சேர்த்துடறோம்னு எழுதியிருந்தாங்க. சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு. கீழ இன்னும் ஒரு வரி இருந்துச்சு, அதைப் படிச்சதும் மானம் போச்சு: “இத்தனை வருஷமா விக்கிறீங்கன்னு சொல்றீங்க, உங்க கம்பெனியில இருந்து எங்களுக்கு வந்த முதல் கடிதம் இதுதான்.”

சும்மா இருந்த சுகம்

அடுத்த பதிப்பு வந்துச்சு. பிரிண்ட் போட்டேன், கடைசி வரி ஜம்முனு வந்து உட்கார்ந்திருக்கு. லிஸ்டைத் தொறந்தேன். முந்நூறு பேருக்கு நடுவுல என் பேரு! எழுந்து ஆடணும்போல இருந்துச்சு.

சார் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாத்தியாம்மா? நாம சும்மாதானே இருந்தோம், அவனுங்களே பண்ணிட்டானுங்க பாரு”ன்னார். நான்தான் அனுப்பினேன்னு சொன்னா, போட்டிக்காரனுக்குக் கொடுத்தவள்னு வேலை போகும். சொல்லலைன்னா வேலையாவது மிஞ்சும். எங்க ஊர்ல படிச்சவளுக்கு சென்னை பஸ் ஏறாம கிடைச்ச வேலை அது. வாயை மூடிக்கிட்டேன். அப்பவும் போச்சு. “இனிமே திருத்தறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, உனக்கு இங்க என்ன வேலை? லிஸ்டை அழிச்சு என் பேரை வெச்சுக் கொடுத்துட்டு நின்னுக்கோம்மா.”

கடைசி வேலை

லிஸ்டு முன்னாடி உட்கார்ந்தேன். மூணு வருஷமா யாரு என்னன்னு பார்க்காம அழிச்சவதான். அன்னைக்கு மட்டும் கை வரலை. அப்படியே மூடிட்டு, “முடிஞ்சுது சார்”னு சொல்லிட்டு வந்துட்டேன். சார் சி.டி. அட்டையில அவர் போட்டோ கலர் சரியா வந்திருக்கான்னு மட்டும் பார்த்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் இல்லியா, சி.டி. ஆயிரக்கணக்குல காப்பி ஆகி ஊர் ஊராப் போயிடுச்சு.

நான் சென்னையில வேலைக்குச் சேர்ந்தப்புறம் ஒருநாள் கரீம் பாய் போன் பண்ணார். சிரிப்பை அடக்க முடியல அவருக்கு. “மாமன் வந்துட்டாரும்மா! லிஸ்டுல உன் பேருகூட இருக்குது. உங்க முதலாளியைத்தான் காணோம்!”

எதையும் திருப்பிக் கொடுக்காம ஊருக்கே சி.டி. கொடுத்த அந்த வள்ளலோட பேரு விட்டுப்போன கோளாறுக்கு மட்டும், இன்னி வரைக்கும் ஒருத்தரும் திருத்தம் எழுதி அனுப்பலை.