எண்ணெய் சாய்ந்த பக்கம்

ஐப்பசி பாதியில் நமுனுகுல மலை காணாமல் போய்விடும். பதுளையில் என் ஜன்னலைத் திறந்தால், மலை இருந்த இடத்தில் ஈரச் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நிற்கும். தை பிறக்கும்வரை அந்தச் சுவர் கலையும், கூடும், கலையும். பகலிலேயே பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடும். துணி காயாது. தீப்பெட்டி நமத்துப்போகும். அந்த மாதங்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து நடப்பேன். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவேன், குடிக்க மறப்பேன், மறுபடி ஜன்னலுக்கு வருவேன். அந்தச் சுவருக்குப் பின்னால், மலையின் தோளில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரு லயத்தில் என் அக்கா இருக்கிறாள்.

அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் கொழும்பில். இருட்டு மாதங்களைத் தாண்ட அவளுக்கென்று ஒரு முறை உண்டு. கார்த்திகை பிறந்ததும் வாசலைச் சாணி போட்டு மெழுகுவாள். காலையில் தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்குப் போகுமுன் கோலம். பொழுது சாய்ந்ததும் வாசற்படியில் அகல்விளக்கு. மழை கோலத்தைக் கரைத்தால் மறுபடி போடுவாள். மெழுகியது பெயர்ந்தால் மறுபடி மெழுகுவாள். லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் அதே வழக்கம். ஒவ்வொருத்தியும் தன் ஒற்றையறைக் காம்பிராவுக்கு முன்னால் உள்ள துண்டு நிலத்தை மெழுக, துண்டுகள் சேர்ந்து லயம் முழுக்க ஒரே பாயாக நீளும். மூடுபனிக்குள் ஏறி வருகிறவனுக்குக் கூரைக்கு முன்பே அந்த விளக்கு வரிசை தெரிந்துவிடும். நான் எத்தனையோ முறை அதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

பக்கத்துக் காம்பிராவில் இருப்பவள் வேதக்காரி. நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் சைப்ரஸ் கொத்தை வளையமாகக் கட்டி, ஒரு பீங்கான் தட்டில் வைத்து, நடுவில் மெழுகுதிரி ஏற்றுவாள். சாமி வேறு. வாசல் மெழுகுவதில் மட்டும் அவளும் அக்காவும் ஒரே சபை.

சென்ற புரட்டாசியில் அந்த வாசலில் ஒரு வெடிப்பு விழுந்தது. லயத்தின் கோடியில் தொடங்கி அக்காவின் வாசலைக் குறுக்கே கடந்து வேதக்காரியின் படிக்கல்லில் முடிந்தது. நூல் போலத்தான் இருந்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர்கள், அகலமானால் ஒரு நிமிஷமும் நிற்காமல் கீழே ஸ்கூலுக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மண்சரிவில் லயங்களோடு ஆட்கள் புதைந்துபோன மீரியபெத்தை என்ற பெயரை எங்கள் பக்கம் மழை நாட்களில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆகவே யாரும் அசட்டையாக இருக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“வெடிப்பு எப்படியிருக்கு?”

“எங்கிட்டு இருக்கு? காணவே காணோம்.”

“நல்லாப் பாத்தியா?”

“ஏன், கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு? வாசல் கண்ணாடியாட்டம் கெடக்கு. நீ டவுன்ல ஒக்காந்துக்கிட்டு என் வயித்துல புளியக் கரைக்காத.”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

திருக்கார்த்திகை விளக்கு நாளன்று கிளம்பினேன். அவளைக் கையோடு கீழே கூட்டிவந்துவிடுவது என்று முடிவு. நான் குடியிருப்பது ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு மேல்மாடியில். போகும்போது அவரிடமே புது அகல்கள் வாங்கினேன்.

“தண்ணியில ஊறப் போட்டு ஏத்துங்க, இல்லாட்டி மண்ணே எண்ணெய குடிச்சிரும்” என்றார். பிறகு வானத்தைப் பார்த்தார். “இந்த மழையிலயா மேல போறீங்க?”

“அக்கா தனியா இருக்கா நானா.”

அவர் அகல்களைப் பழைய பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றினார், முட்டைகளைச் சுற்றுவது போல.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஏறினேன். தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதை. சத்தமில்லாத மழை. பாதி வழியில், லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில், கண்ணாடி போல் விழும் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. குடத்தோடு நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “மழைத் தண்ணிங்க. தெளிய வச்சுக் குடிப்போம்.” குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எனக்கு முன்னால் ஏறினாள். பறவைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மலை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. நான் இப்படித்தான் எதையாவது நினைப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அக்கா அப்போதுதான் மெழுகி முடித்திருந்தாள். வாசல் ஈரப் பச்சையாக மின்னியது. அவள் விரல்கள் போட்ட அரைவட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, அலை போல. வெடிப்பு எங்கே என்று தேடினேன். உண்மைதான், காணோம்.

“பையை எடு, கீழ போவோம்” என்றேன்.

“நல்லாருக்கே கத. இன்னைக்கு வெளக்கு நாளு. வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்டப் பூட்டிட்டுப் போனா அந்த வீடு வெளங்குமா? கெடக்கிறது ஒரு காம்பிரா, அதையும் இருட்டுல போடச் சொல்றியா?”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கி வேலைக்குப் போய்ப் பேர் போடணும், இல்லாட்டி அன்னைக்கிச் சம்பளம் இல்ல. சும்மா இரு, ரொட்டி சுடுறேன்.”

வாதாட முடியவில்லை. பொழுது சாய்ந்தது. ஊறவைத்த அகல்களைத் துடைத்து, எண்ணெய் வார்த்து, திரி போட்டு, அக்கா படியில் வரிசையாக வைத்தாள். ஏற்றியதும் நெருப்பு ஒருமுறை நிமிர்ந்து நின்றது. உடனே முதல் விளக்கின் எண்ணெய் பள்ளத்துப் பக்கத்து விளிம்பில் கூடி, வழிந்து, படியில் ஒழுகியது. திரி ஒரு பக்கம் மூழ்கியது, மறுபக்கம் காய்ந்து புகைந்தது.

“என்னாத்தப் பாத்து வாங்குன? எல்லாம் கோணக் கோணையா இருக்கு.”

“நானா நல்ல அகல்னுதான் குடுத்தாரு.”

“அந்த மனுசனுக்கு வெளக்கப் பத்தி என்னா தெரியும்? உனக்குந்தான் என்னா தெரியும்? நீ படிக்கிற புஸ்தகத்துல வெளக்கு எரியும், எண்ணெய் வழியாது.”

சிரித்துக்கொண்டே அகலைத் திருப்பி வைத்தாள். எண்ணெய் மறுபடி அதே பக்கம் வழிந்தது. அடுத்ததை எடுத்து வைத்தாள். அதுவும். உள்ளே போய்ப் போன வருஷத்துப் பழைய அகலைக் கொண்டுவந்தாள். அதுவும் அதே பக்கம் சாய்ந்தது. அவள் சிரிப்பு நின்றது. முழங்காலிட்டபடியே படியைக் கையால் தடவினாள்.

“போன வருசம் இதே படியிலதான் வச்சேன்” என்றாள், என்னிடம் இல்லை.

பக்கத்து வாசலிலிருந்து வேதக்காரி எட்டிப் பார்த்தாள். “அக்கா, ஒங்க பக்கம் காத்து அடிக்குதா? என் மெழுகுதிரி முழுக்க ஒரே பக்கமா ஒழுகி பீங்கானுக்கு வெளிய கொட்டுது.”

காற்று இல்லை. ஒரு தீக்கொழுந்தும் அசையவில்லை.

நான் எழுந்து லயத்தின் ஓரமாக நடந்தேன். ஒவ்வொரு வாசற்படியிலும் விளக்கு. ஒவ்வொரு விளக்கிலும் எண்ணெய் பள்ளத்துப் பக்கம். சில வீட்டில் சின்னக் கல்லை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கேட்டால், படி பழசு, அகல் கோணல், திரி சரியில்லை என்றார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். கோடி வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அத்தனை அகலும் ஒரே திசைக்குத் தலை சாய்த்திருந்தது. அழகாக இருந்தது.

திரும்பி வந்தபோது அக்கா அடுப்படியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்துகொண்டிருந்தாள். அன்று மதியம் தன் கையால் மெழுகிய வாசலை அவளே சுரண்ட ஆரம்பித்தாள். ஈரமான மேல்படை சுருண்டு வந்தது. அதன் கீழே காய்ந்த படை. அதன் கீழே இன்னொன்று, கீழே இன்னொன்று, பழைய புத்தகத்தின் பக்கங்கள் போல. ஒவ்வொரு மெழுகலும் அதற்கு முன் திறந்த வாயை அடைத்திருந்தது. சாணியோடு மண்ணையும் குழைத்து அடைத்திருந்தாள். வாசல் குழியாக இருக்கக்கூடாதே. இந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும், பார்க்கும் ஒவ்வொரு நாளும், அதைச் சுத்தமாக மூடியிருக்கிறார்கள். விளக்கு வைக்கிற வாசல் வெடித்துக் கிடக்கலாமா?

கடைசிப் படை தானாக உள்ளே விழுந்தது. சிரட்டையும் அக்காவின் கையும் மணிக்கட்டுவரை இறங்கின. அவள் கையை உருவவில்லை. அப்படியே குனிந்து தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“உள்ள தண்ணி ஓடுது.”

நானும் குனிந்தேன். எங்கோ ஆழத்தில், யாரோ அவசரமில்லாமல் ஒரு வீட்டைக் கழுவுவது போல, சலசலவென்று.

வேதக்காரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவள்தான் லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “எல்லாரும் வெளிய வாங்க! அகல் கோணல் இல்ல, மலதான் கோணிருச்சு! வாங்க வெளிய!”

கதவுகள் திறந்தன. நாய்கள் குரைத்தன. ஒருவன் டீவியைத் தூக்கிக்கொண்டு வந்தான், அவன் பெண்சாதி அவனைத் திட்டிக்கொண்டே கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கா மட்டும் வாசற்படியில் நின்றாள். கையில் பூட்டு. விளக்குகள் கால்மாட்டில் எரிந்துகொண்டிருந்தன.

“வெளக்க ஊதி அணைக்க மாட்டேன்” என்றாள்.

“அணைக்க வேணாம். வா.”

“வீட்டப் பூட்ட மாட்டேன். வெளக்கு எரியிற வீட்ட எப்புடிப் பூட்டுறது?”

“பூட்டாத. வா அக்கா.”

அவள் கதவை அகலத் திறந்து வைத்தாள், விருந்தாளிக்குத் திறப்பது போல. பூட்டைப் படியில் வைத்தாள். என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் சாணியும் சேறும் இருந்தன. இறங்கினோம்.

ஸ்கூல் ஹாலில் விடியும்வரை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தோம். மலை இறங்கவில்லை. விடிந்து பார்த்தால் லயம் அப்படியே நின்றது. சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் “எண்ணெய் வழிஞ்சதுக்கா இந்தக் கூத்து” என்று அக்காவைக் கேட்டார். அவள், “போய் அந்த ஓட்டைக்குள்ள கைய விட்டுட்டு வந்து பேசுங்க, தாத்தா” என்றாள். அவர் போகவில்லை. யாரும் திரும்பிப் போய் அங்கே படுக்கவில்லை.

இதை எழுதும்வரை மலை இறங்கவில்லை. புது வீடு வரும் என்கிறார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியாது. அக்கா ஸ்கூலிலிருந்தே பெரட்டுக்குப் போகிறாள். இன்று காலை போனில் பேசினாள். அந்த லயத்துக்கு நேர் கீழே உள்ள தேயிலையில் கொழுந்து முற்றிவிட்டதாம். அங்கேதான் இவளுக்குக் கொழுந்து எடுக்க நிரை கொடுத்திருக்கிறார்கள்.

“போகாத” என்றேன்.

“போகாட்டி பேர் விழாது” என்றாள். “மழ கொஞ்சம் விட்டிருக்கு. வைக்கிறேன், கூப்புடுறாங்க.”