ஏற்காடு இண்டர்நெட் கருத்தரங்கும் ஓட்டல் விழுங்கிய பூஜ்யமும்

ராசிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்தால் ஓடுமா என்று எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் முதலாளிக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவருக்கு மலை ஏறினால் தலை சுற்றும். அதனால் போன வருஷம், தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், ஏற்காட்டில் நடந்த இரண்டு நாள் இண்டர்நெட் கருத்தரங்குக்கு என்னை அனுப்பினார். ஓடும் என்றால் போன் இணைப்புக்கு எழுதிப்போடுவார். ஓடாது என்றால் கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டு ஜெராக்ஸ் கடை வைப்பார். ஜெராக்ஸ் கடைக்கு பி.எஸ்ஸி. படித்த பெண் எதற்கு? ஆக, என் வேலையும் அந்தப் பதிலில்தான் இருந்தது.

அப்பா ஜவ்வரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "ஞாயித்துக்கிழமை பொழுதோட ஊடு வந்துரோணும்" என்று மட்டும் சொல்லி பஸ் ஏற்றிவிட்டார்.

சேலம் பஸ் நிலையத்திலிருந்து ஏற்காடு முப்பத்திரண்டு கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். டிக்கெட் ஒன்பது ரூபாய். முன் இருக்கையில் உட்காருங்கள், வயிறு புரட்டாது. பத்தாவது வளைவு வரை வெயில் இருந்தது. அதற்கு மேல் பனிமூட்டம் ஜன்னலுக்குள்ளேயே வந்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் மடியில் கிடந்த முட்டைக்கோசைக்கூட மறைத்தது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே போனார். எதிரிலிருந்தும் ஹாரன் வந்தது. ஆனால் எந்த வண்டியும் எங்களைக் கடந்து போனதாக எனக்கு நினைவில்லை.

கருத்தரங்கு ஏரிக்கு மேலே ஒரு பழைய ஓட்டலில் நடந்தது. அறை வாடகை நூற்றைம்பது, வெந்நீர் காலை எட்டு வரைதான். நாற்பது பேர் வந்திருந்தார்கள், அதில் நான்கே பேர் பெண்கள். ஆளுக்கு ஒரு பையும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள். காப்பிக்கொட்டையை வலைப்பக்கம் வழியாக நேரே ஜெர்மனிக்கு விற்கலாம் என்று ஒருவர் பேசினார். பத்து வருஷத்தில் தபால்காரருக்கு வேலை இருக்காது என்றார் இன்னொருவர். கடைசி வரிசையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் எழுதினேன்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு இண்டர்நெட்டை நேரில் காட்டுவதாக இருந்தது. சென்னையிலிருந்து வந்த சுந்தர் என்கிற இன்ஜினியர், முந்தின நாளே வந்து எல்லாவற்றையும் மாட்டி வைத்திருந்தார். மோடம் என்பது கம்ப்யூட்டருக்காகப் போன் செய்கிற சிறு பெட்டி. சேலத்தில் இருக்கும் இண்டர்நெட் கம்பெனியின் எண்ணுக்கு அது அடிக்கும், அந்தப் பக்கம் இன்னொரு மோடம் கத்தும், இதுவும் கத்தும், பிறகு இணைப்பு கிடைக்கும். கூட்டத்துக்குக் கேட்கட்டும் என்று பெட்டியின் ஒலியை முழுக்கத் திறந்து வைத்திருந்தார்.

மணி போனது. யாரோ எடுத்தார்கள். கத்தல் வரவில்லை. எங்கள் மோடம் மட்டும் கீ என்று மெல்லிசாக ஒரு சத்தம் கொடுத்தது, நின்றது, மறுபடி கீ என்றது. அந்த இடைவெளியில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"சாமி... பேசு சாமி. அம்மா இங்கதான் இருக்கறேன்."

பிறகு முன்வரிசையில் ஒருவர், "இண்டர்நெட்ல எங்கம்மா வரைக்கும் வந்துட்டாங்க, சாப்பிட்டியான்னு கேப்பாங்க பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லைன் குறுக்கே மாட்டிக்கொண்டது என்று சொல்லி சுந்தர் திரும்பப் போட்டார். அதே குரல். மூன்றாவது தடவை அந்தக் குரல் பேசவில்லை, அழுதது. அவர் ஒலியை மூடிவிட்டு, நேற்றிலிருந்தே இப்படித்தான் என்று அலுத்துக்கொண்டார். ஒலி போன பிறகும் பெட்டியின் சிவப்பு விளக்கு வெகுநேரம் மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அந்தப் பெண் இன்னும் ரிசீவரை வைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அறையில் அப்பாவுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு, போன் செய்யப் போனேன். போனுக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'வெளி லைனுக்குப் பூஜ்யம் அழுத்தவும்' என்று இருந்தது. அப்போதுதான் விளங்கியது. சேலத்துக்கு அடிக்க முதலில் ஒரு பூஜ்யம் வேண்டும். அந்தப் பூஜ்யத்தை, வெளி லைன் கேட்கிறார்கள் என்று எண்ணி ஓட்டலின் போன் இணைப்புப் பெட்டியே விழுங்கிவிடுகிறது. மிச்ச எண்களில் முதல் ஐந்தை எடுத்துக்கொண்டு, மலையிலேயே யாரோ ஒருவர் வீட்டுக்கு மணி அடிக்கிறது எக்சேஞ்ச். பட்டணத்தில் நேரடி லைனில் பழகியவர்களுக்கு இது தோன்றாது. ஒரு துண்டுக் காகிதத்தில் 'முன்னால் இன்னொரு பூஜ்யம்' என்று எழுதி சுந்தரின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று மணிக்கு இணைப்பு கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் அந்தக் குரல் என்னை விடவில்லை. சாயங்காலம் ரிசப்ஷனில் நின்று வெளி லைன் எடுத்து, சேலம் எண்ணின் அந்த ஐந்து எண்களையும் நானே சுழற்றினேன். மன்னிப்புக் கேட்கத்தான். முதல் மணி முடியவில்லை, அந்த அம்மா எடுத்துவிட்டார். நான் ரிசீவரைப் பிடித்தபடி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"மூச்சு கேக்குது" என்றார் அவர், மிகவும் மெதுவாக. "மூச்சு வந்துருச்சா சாமி. ரெண்டு நாளா கீச்சு கீச்சுன்னு... நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். இருக்கறேல்ல, அது போதும்."

போனை வைத்துவிட்டேன். ரிசப்ஷன்காரர், "மஞ்சக்குட்டை ரைட்டரம்மா ஊட்டு நம்பராச்சேங்க, உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு 'இண்டர்நெட்டில் தொழில் வாய்ப்புகள்' என்ற அமர்வு. முதலாளி என்னை அனுப்பியதே அதற்காகத்தான். ஒன்பது மணிக்கு நான் மஞ்சக்குட்டை ஷேர் ஜீப்பில் இருந்தேன். ஆளுக்கு ஐந்து ரூபாய். பத்துப் பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். பனியில் டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சாலையின் ஓரத்தைப் பார்த்தபடி ஓட்டினார். ரைட்டரம்மா வீடு என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க சேலத்து மக ஊட்டு ஆளுங்களா? இன்னிக்கு மத்தியானம் டெம்போ வருதுங்கல்ல."

இல்லை என்றேன். மீதியை அவரே சொன்னார். ரைட்டரம்மாவின் பெயர் எஸ்தரம்மா; புருஷன் எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்து இறந்துவிட்டார். மகன் பால்ராஜ் சித்திரையில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய் போனவன், ஒரு கடிதம்கூட இல்லை. எஸ்டேட் வீட்டை இன்றைக்குக் காலி செய்து சேலத்தில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா நகர மாட்டேன் என்கிறாராம். மகன் பேசாமல் போன் மட்டும் அடிக்கிறான், அவனுக்குத் தெரிந்த நம்பர் இது ஒன்றுதான் என்கிறாராம். "பாவம்ங்க, அந்தப் போனைக் கட்டில்கிட்டயே வெச்சுட்டு நொம்பப் பேசுதுங்க. அந்தப் பக்கம் ஆளிருக்குதோ என்னமோ" என்றார். ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை.

காப்பித் தோட்டத்துக்குள் நூறடி நடந்தால் வீடு. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. உள்ளே எல்லாம் மூட்டை கட்டியிருந்தது. சுவரில் சிலுவையைக் கழற்றிய இடம் வெளுப்பாகத் தெரிந்தது. கட்டிலும் போனும் மட்டும் மிச்சம். எஸ்தரம்மா என்னை டெம்போவோடு வந்தவள் என்று நினைத்து, "நான் வரலைன்னு சொல்லு கண்ணு, நேத்துகூட மூச்சு வந்துச்சு" என்றார்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னேன். கீச்சுச் சத்தம் எங்கள் மிஷின். பூஜ்யம் ஒன்று குறைந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கேட்ட மூச்சு என்னுடையது.

திட்டுவார் என்று நின்றேன்.

"மிஷின் என்னிக்கு வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமைங்க."

"எனக்கு ஆடியில இருந்து வருது கண்ணு."

அப்போது போன் அடித்தது.

அவர் என் கைகளைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. "நீ இங்க இருக்கறே. மிஷினு?"

"நேத்தே சரி பண்ணியாச்சுங்க. இங்க வராதுங்க."

எடுத்தார். நான் நின்ற இடத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீச்சு இல்லை, அது நிச்சயம். எஸ்தரம்மா அழவில்லை. கணக்குப் பார்க்கிறவர்போல நிதானமாகப் பேசினார். "நான் அக்கா ஊட்டுக்குப் போறேன் சாமி. இனி இங்க அடிக்காதே. அக்கா ஊட்டு நம்பர் சொல்றேன், எழுதிக்கோ." ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, எழுத நேரம் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அப்புறம் ரிசீவரை என் பக்கம் நீட்டினார். நான் காதில் வைப்பதற்குள் லைன் போய்விட்டது.

"கட்டிலை ஒரு பக்கம் புடி கண்ணு" என்றார்.

டெம்போ வருவதற்குள் இருவரும் கட்டிலை வாசலுக்குக் கொண்டுவந்தோம். மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஓட்டலுக்குத் திரும்பினேன். பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருந்தேன்.

திங்கள்கிழமை முதலாளி, தொழில் வாய்ப்பு பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அந்த அமர்வுக்கே போகவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். பிறகு ஏன் போகவில்லை என்பதையும் சொன்னேன். பம்பாயிலும் துபாயிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ராசிபுரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவரே யோசித்தார். தையில் பிரவுசிங் சென்டர் திறந்தோம். நீங்கள் படிக்கிற இந்த வலைப்பக்கம் அங்கிருந்துதான் எழுதப்படுகிறது.

ஏற்காட்டில் இப்படி ஏதாவது நடத்தப் போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் பகலிலும் விலகாது, காட்சிக்காகக் கரடியூர் போய் ஏமாறாதீர்கள். சேர்வராயன் கோயில் குகைக்குள் தலையைக் குனிந்து போக வேண்டும், டார்ச் கொண்டுபோங்கள். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். ஓட்டல் போனில் மோடம் மாட்டினால் பூஜ்யத்தை இரண்டு முறை போடுங்கள், முதல் தடவை அதன் ஒலியைத் திறந்து வையுங்கள்.

எங்கள் சென்டர் போனிலும் சில நாள் யாரும் பேசுவதில்லை. முன்பெல்லாம் அதை எடுக்கவே பயப்படுவேன். இப்போது உடனே வைப்பதில்லை. "ராசிபுரம் சென்டர்ங்க, இருக்கறேன், சொல்லுங்க" என்கிறேன். கொஞ்சம் காத்திருந்து, மறுபடியும் சொல்கிறேன்.