ஓவீட் ரோஷோனின் மூன்று டிராம்போன்கள்

ஓவீட் ரோஷோனைத் தனியாளாக ஆக்கியது அவருடைய காதுதான் என்று சொன்னால் எங்கள் ஏழாவது வார்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் ஒருநாள் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில் நிற்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்குத் தொழில் சுவர்ப் பூச்சு. நியூ ஆர்லியன்ஸில் பழைய வீடுகளின் கூரையில் கொடியும் பூவுமாகச் சாந்தில் வேலைப்பாடு பார்த்தால், பாதி அவர் கையாகத்தான் இருக்கும். சுவரை விரல் முட்டியால் தட்டுவார். "இங்க உள்ள காத்து இருக்கு, ரெண்டு மழைக்குத் தாங்காது" என்பார். வீட்டுக்காரர் நம்ப மாட்டார். இரண்டாவது மழைக்கு அது விழும். அப்படிப்பட்ட காது.

வாரநாளெல்லாம் சாந்துக் கரண்டி, ஞாயிற்றுக்கிழமை டிராம்போன். எங்கள் பித்தளை பாண்டில் நான் கிளாரினெட் வாசிக்கிறேன், பெயர் லியாண்டர். செப்டம்பர் பிறந்தால் ஜூன் வரை ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு சங்கத்தின் ஊர்வலம் இருக்கும். சங்கத்துக்காரர்கள் ஒரே நிறத்தில் கோட்டும் தொப்பியும் போட்டு முன்னால் ஆடுவார்கள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஊரே. பாண்டில் முதல் வரிசை எப்போதும் டிராம்போனுக்குத்தான். மரியாதை ஒன்றுமில்லை. முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற குழாயை, அதாவது ஸ்லைடை, முழுக்க நீட்டினால் முன்னால் போகிறவன் மண்டை பிளந்துவிடும், அதனால். இரண்டாம் வரிசை என்னுடையது. ஆக, பத்தொன்பது வருஷம் நான் பார்த்தது ஓவீட் அண்ணனின் பிடரியை. ஊதும்போது அவர் என் முகத்தைப் பார்த்ததே கிடையாது.

அவரிடம் மூன்று டிராம்போன்கள் இருந்தன. மூன்றும் வேறு வேறு கம்பெனி. ஒன்று கான், முன்னால் விரிகிற வாய், அதாவது பெல், மஞ்சள் பித்தளை. இரண்டாவது ஓல்ட்ஸ். அதன் பெல்லில் செம்பு கூடுதல், பழைய செப்புக்காசு மாதிரி சிவந்திருக்கும். மூன்றாவது கிங், பெல் அசல் வெள்ளி. ஒரு தேவாலயத்தின் கூரை முழுவதையும் ஒரு கோடைகாலம் மல்லாந்து படுத்துப் பூசி, அந்தக் கூலியில் வாங்கியது. அவர் மனைவி ஆக்டேவி அப்போது ஒரு ஃப்ரிட்ஜ் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் வரவில்லை.

மூன்றையும் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மஞ்சள் பித்தளை தெருமுனைவரை கூர்மையாகப் போகும், ஆனால் ஓங்கி ஊதினால் ஓரம் கிழியும். செம்பு கூடினது கனிந்து, கொஞ்சம் இருட்டாக வரும், சவ ஊர்வலத்துக்கு அதுதான். வெள்ளி இருக்கிறதே, அது மெதுவாக ஊதினால் மூடிய அறைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும், எவ்வளவு ஓங்கினாலும் கிழியாது, நுனிவரை முழுசாக நிற்கும். இதையெல்லாம் ஆக்டேவியிடம் சொல்வார். அவள் மூன்றும் கூட்ஸ் வண்டி மாதிரிதான் இருக்கிறது என்பாள். அறுபத்தாறில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸில் அக்கா வீட்டுக்குப் போனாள். இவரும் பின்னாலேயே போவதாகத்தான் ஏற்பாடு. போகவில்லை. அங்கே தெருவில் நடந்துகொண்டே ஊத முடியாதாம். முதலில் கடிதம் வந்தது, பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

ஒருநாள் ஊர்வலம் முடிந்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் கேட்டார்: "எனக்குக் கேக்கறது வேற யாருக்காவது கேக்குமாடா? ஒரு ஆளுக்குக் கேட்டாப் போதும். இல்லாட்டி நான் முப்பது வருஷமா என்ன பண்ணிட்டு இருக்கேன்?" நான் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். கேக்கும் கேக்கும் என்று ஏதோ சொல்லிவைத்தேன். ஊமை கண்ட கனவு என்பார்களே, அந்தப் பாடுதான் பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

எண்பத்து மூன்று நவம்பரில் ஒரு சோதனை நடந்தது. ஊர்வலம் முடிந்து சாயங்காலம் மிஸ் எர்சீலின் பாரில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஓவீட் அண்ணன் வெள்ளி பெல்லைத் துடைத்தபடி அதன் பெருமையைச் சொல்ல, எங்கள் தலைவன் கிளோவிஸுக்குப் பொறுக்கவில்லை. டிரம்பெட்காரனுக்கு உலகத்தில் வேறு சத்தம் உண்டென்றாலே வயிறு எரியும். சும்மா பேசாதே, திரைக்குப் பின்னால் போய் ஊது, எது எது என்று நாங்கள் சொல்கிறோம் என்றான். ஓவீட் அண்ணன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தர் காதுகொடுக்கிறேன் என்கிறார். வீட்டுக்கு ஓடிப்போய் மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

மிஸ் எர்சீல் பின்னறை வாசலில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினாள். அவர் அதற்குப் பின்னால் நின்று, சவ ஊர்வலத்தில் ஊதுகிற மெதுவான தோத்திரத்தின் முதல் நாலு வரியை ஒன்பது தடவை ஊதினார். ஒவ்வொரு கருவிக்கும் மூன்று முறை, வரிசை அவர் இஷ்டம். நாங்கள் முன்னால் உட்கார்ந்து சீட்டில் எழுதினோம். நானும் கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே கேட்டேன். எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருந்தது.

விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒவ்வொரு சீட்டாகத் தன் வரிசையோடு ஒப்பிட்டார். கிளோவிஸ் நாலு. பெரிய டிரம்காரன் இரண்டு. மிஸ் எர்சீல் மூன்று. நான் மூன்று. குருட்டாம்போக்கில் எழுதினாலே மூன்று வரும். என் சீட்டை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். "நீ கூடவா?" என்றார், மெதுவாக.

அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். எனக்கு வாய்க்கொழுப்பு.

"அண்ணே, அடுத்த தடவை பீன்ஸ் டப்பாவ வெட்டி பெல் பண்ணிக்கங்க. பசிச்சா உள்ள இருக்கறதையும் தின்னுக்கலாம்."

பார் அதிர்ந்தது. கிளோவிஸ் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஓவீட் அண்ணனும் சிரித்தார், கடைசியாகச் சிரித்து முதலில் நிறுத்தினார். மூன்றையும் அணைத்து எடுத்துக்கொண்டு, பெட்டியில் வைக்கப் பின்னறைக்குப் போனார்.

கழிப்பறையில் ஆள் இருந்ததால் நான் பக்கத்துச் சந்துக்குப் போனேன். பின்னறை ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. மரக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் மறுபடி அந்த நாலு வரியை ஊத ஆரம்பித்தார், தனக்குத்தானே. எனக்குச் சட்டென்று, இது வெள்ளி என்று பட்டது. யோசிக்கவே இல்லை, நம் வீட்டு ஆள் மாடிப்படி ஏறுகிற சத்தம் தெரிகிற மாதிரி தெரிந்தது. நிறுத்திவிட்டு இன்னொன்றை எடுத்தார். ஓல்ட்ஸ். மூன்றாவது, மஞ்சள் பித்தளை. கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கையில் இருந்தது கான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அதே பிடரி. மறுபடி வெள்ளியை எடுத்தார், பார்க்காமலே சொன்னேன், பார்த்தேன், சரி.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. பத்தொன்பது வருஷமும் நான் அவருக்குப் பின்னால் நின்று கேட்டவன். பெல்லுக்கு முன்னால் கேட்கிறவருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் போய்ச் சேருகிறது. ஊதுகிறவர் பக்கம், அந்த உலோகம் அதிர்கிற பக்கம் நிற்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரிகிறது. நாங்கள் முட்டாள்கள் எல்லோரையும் முன்னால் உட்காரவைத்து விரிப்பைக் கட்டியிருக்கிறோம். அவர் கேட்ட அந்த ஒரு ஆள் நான்தான்.

நாலே எட்டில் உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கிளோவிஸ் என்னையும் சேர்த்துக் கிண்டல் செய்வான், நான் அடித்த பகடியை நானே எல்லோர் முன்னாலும் விழுங்க வேண்டும். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று பேன்ட்டைச் சரிசெய்துகொண்டு முன்பக்கமாகப் போய்விட்டேன். அற்ப புத்தி. வேறு பெயர் கிடையாது அதற்கு.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. பல் வலி என்று சொல்லியனுப்பினார். அதற்கடுத்ததும் பல் வலி. கிளோவிஸ் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டான். பிறகு கிறிஸ்துமஸ், அதற்குப் பிறகு மார்டி கிரா திருவிழா, எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒருதரம் செயின்ட் பெர்னார்டு அவென்யூவில் ரொட்டியோடு எதிரே வந்தார். குளிரைப் பற்றிப் பேசினோம். நாக்கு நுனிவரை வந்ததை அங்கேயும் விழுங்கினேன். அவர் வீட்டுப் பக்கத்தில் குடியிருக்கிறவள், டிராம்போன் சத்தமே கேட்பதில்லை, ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை என்றாள்.

தவக்காலம் பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை மத்தியானம், என்ன ஆனாலும் சரி என்று அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திங்கட்கிழமை என்றால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சிவப்பு பீன்ஸ், அவர் வீட்டிலும் அதுதான் வெந்துகொண்டிருந்தது. நாலு பேருக்கான பானை. ஒருவருக்கு மட்டும் சமைக்க இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வியாழன்வரை அதையே தின்பேன் என்றார்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். சந்து, ஜன்னல், பின்னால் நின்று கேட்டது, சொல்லாமல் போனது, எல்லாம். அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டார். நம்புகிறாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"வேணும்னா இப்பவே ஊதிப் பாருங்கண்ணே. நான் உங்க பின்னால உக்காந்துக்கறேன்" என்றேன்.

கரண்டியைப் பானைமேல் வைத்தார். பிறகு போய் மூன்றையும் எடுத்துவந்தார். ஸ்லைடு இறுகிக் கிடந்தது, எண்ணெய் விட்டார். எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதே நாலு வரி. உதடு பழக்கம் விட்டுப்போய் முதலில் தடுமாறியது.

வெள்ளி என்றேன். கான் என்றேன். மறுபடியும் கான். ஓல்ட்ஸ். ஐந்தாவதுக்குப் பிறகு அவர் மூச்சு மாறியது, அது எனக்குக் கேட்டது. ஆறாவதை வெள்ளி என்று நான் சொன்னபோது கொஞ்ச நேரம் அடுத்ததை எடுக்கவே இல்லை. இதோ கிடைத்துவிட்டது மனிதருக்கு, கெடுத்தவனே கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

கண்ணைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. எதிரே இருந்த பாத்திர அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கதவு கண்ணாடி. அதில் அவர் தெரிந்தார், கையில் பளபளவென்று வெள்ளி பெல் தெரிந்தது, பின்னால் நான் தெரிந்தேன்.

"நான் பாக்கலண்ணே. கண்ண மூடிட்டு இருந்தேன். எங்கம்மா மேல சத்தியம்."

"இருக்கட்டும்டா."

"கண்ணாடிய துணி போட்டு மூடுங்க. இன்னொரு ஒம்போது ஊதுங்க. இல்ல, சந்துல போய் நிக்கறேன்."

அவர் டிராம்போனை மெதுவாகப் பெட்டியில் வைத்தார். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நெசமா கேக்கறவன் ஒண்ணு ரெண்டு தப்பு விடுவான், லியாண்டர். எனக்கே தப்பும். பாவம்னு நெனச்சு வர்றவன்தான் ஒம்போதும் சரியாச் சொல்லுவான்." பெட்டியை மூடிக்கொண்டே, "இவ்வளவு தூரம் நீ வந்ததே எனக்குப் போதும். இன்னொரு தடவை தோக்க எனக்குத் தெம்பில்ல" என்றார்.

ஒன்றே ஒன்றைத் தப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தால் என்னை நம்பியிருப்பார். அவ்வளவு சரியாகக் கேட்டது என் காதுக்கு. என் வாழ்நாளில் நான் உண்மையாக நடந்துகொண்ட ஒரு மத்தியானம் அது.

சாப்பிட்டுப் போ என்றார். இரண்டு தட்டில் சோற்றைப் போட்டு பீன்ஸை ஊற்றினார். எதிரெதிரே உட்கார்ந்தோம். பத்தொன்பது வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. நான் இரண்டு வாய் சாப்பிட்டதும், உப்பு போதுமா என்று கேட்டார்.

"சரியா இருக்குண்ணே."

அவர் என்னையே பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா?"

நெசமாத்தான் என்றேன். அவர் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது.