செருப்பு இருந்தால் ஆள் இருக்கு

வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவனுக்கு உலகம் முழங்காலோடு முடிந்துவிடும். அதற்கு மேலே முகமும் கிடையாது, தலையும் கிடையாது; வருகிறவர் போகிறவர் எல்லாம் வெறும் பாதம்தான். என்னைப்போல் முதுகைத் தரையில் போட்டு, கண்ணில் எண்ணெய்ச் சொட்டை வாங்கி, “அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் இப்படித் தள்ளு லா” என்று யாருடைய கணுக்காலிடமோ கெஞ்சியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். மற்றவர்களுக்கு இது புரியாது. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் குறைந்து வேலையும் குறைந்தபோது, நான் ஈப்போவுக்கு வந்து ஜெலாப்பாங் பக்கம் ஒரு லோரிப் பட்டறையில் சேர்ந்தேன். பட்டறையில் இரண்டே பேர். ஒருவர் தவுக்கே ஆ லோய். தவுக்கே என்றால் முதலாளி; பெரிய மெக்கானிக்கும் அவர்தான். தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்த சீனர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்னொருவன் மாணிக்கமாகிய நான்.

தவுக்கேயின் சட்டம்

இடம் சின்னது. ஆறு வண்டிகளை நெருக்கியடித்து நிறுத்தியிருப்போம். யார் எந்த வண்டிக்கு அடியில் கிடக்கிறான் என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. அதனால் ஆ லோய் ஒரு சட்டம் வைத்திருந்தார். அடியில் போகிறவன் தன் ஜப்பான் செருப்பைக் கழற்றி, வண்டியின் முன்னால் ஜோடியாக வைத்துவிட்டுப் போகவேண்டும். செருப்பு அங்கே இருக்கும்வரை யாரும் ஜாக்கியைத் தொடக்கூடாது, சாவியைத் திருப்பக்கூடாது, கட்டையை இழுக்கக்கூடாது. கட்டை என்றால், ஜாக்கி வண்டியைத் தூக்கியதும் அச்சுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்கிற கனத்த மரக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் கயிறு கட்டியிருக்கும். குனியாமல் நின்றபடியே சுண்டி இழுத்துவிடலாம். அந்தக் கயிறு எவ்வளவு வசதி என்று அப்போதெல்லாம் மெச்சிக்கொள்வோம்.

முதல் வாரமே நான் செருப்புக் காலோடு அடியில் புகுந்துவிட்டேன். ஆ லோய் வந்து ஜாக்கியில் கை வைத்தார். ஐயோ என்று அலறிக்கொண்டு உருண்டு வெளியே வந்தேன். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் தன் கால்சட்டையைச் சுருட்டி இடது முட்டியைக் காட்டினார். பழைய பட்டறை ஒன்றில் ஜாக்கி சரிந்து நசுங்கிய முட்டி அது. மரக்கட்டைபோல் நேராகவே நின்றது. அதைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: “செருப்பு இருந்தா ஆள் இருக்கு, செருப்பு இல்லன்னா ஆள் இல்ல. என் முட்டி மடங்காது மாணிக்கம், நான் அது ஒண்ணுதான் பாப்பேன் லா.”

கிராணியார் காத்த காவல்

இனி சொல்லப்போவது கொஞ்சம் வெட்கக்கேடு. வண்டிக்கு அடியில் வருகிற தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் எந்த மெத்தையிலும் வராது. பட்டப்பகல் வெயில் வெளியே காய்ந்துகொண்டிருக்கும்; அடியில் சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே சுண்ணாம்புமலை ஒன்று நீலமாக, ஆடாமல் அசையாமல், நமக்குத் துணையாகப் படுத்திருக்கும். எதிர்க் கோப்பிக் கடை ரேடியோ தூரத்தில் முனகும். ஒரு நிமிஷம் கண்ணை மூடுவோம் என்றுதான் மூடுவேன். உடனே தோட்டத்துக்குப் போய்விடுவேன். விடியற்காலை, பனி, வரிசை வரிசையாக மரம், மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுகிறது. சொட்டுச் சொட்டாக என் கன்னத்திலேயே விழுகிறது. தொட்டுப் பார்த்தால் கியர் எண்ணெய்.

அப்படி ஒரு நாள் ஒரு சின்னக் காருக்கு அடியில் கிடந்தேன். கார், தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணியாருடையது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளைச் சப்பாத்து, மடிப்புக் கலையாத கால்சட்டை. அவசரம் என்பதே தெரியாத மனிதர். நான் கண் விழித்தபோது காருக்கும் தரைக்கும் நடுவே ஒரு முகம் தலைகீழாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நான் பார்த்த முதல் முகம் அதுதான். கனவா நினைவா என்று நான் விழிக்க, அவர் நிதானமாகச் சொன்னார்: “தம்பி, கார் ஜாக்கியில நிக்குது, நீர் அதுக்குக் கீழ நித்திரை கொள்ளுறீர். நான் ஒரு மணித்தியாலமா ரெண்டு பேருக்கும் காவல் இருக்கிறன்.”

தைப்பிங் மழை

கருப்பையா அண்ணன் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், நல்ல தொந்தி. அவருடைய லோரி தைப்பிங் போகிற வழியில் படுத்துவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, நான் போனேன். சாலையோரம் ஜாக்கியை வைத்துத் தூக்கி, கட்டையைக் கொடுத்து, அடியில் புகுந்தேன். தைப்பிங் மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சொல்லிக்கொண்டா வரும்? நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர் எழுப்பியதுபோல் கொட்டியது. உள்ளே நான் மட்டும் நனையாமல், தனி வீடு கட்டிக்கொண்டவன் மாதிரி கிடந்தேன். சுகமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

என் மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஒரு போல்ட் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அரைச் சாண் உயரத்தில் இருந்தது. கண் சொக்குகிறது என்று நினைத்தேன். அப்புறம் அதன் துரு வாசனையே எனக்கு வந்தது. ஜாக்கி ஈரமண்ணில் மெள்ள மெள்ளப் புதைந்துகொண்டிருக்கிறது! ‘டக்’கென்று லோரி வந்து கட்டையில் உட்கார்ந்தது. எனக்கும் போல்ட்டுக்கும் நடுவே நாலு விரல் இடம். கட்டை மட்டும் இல்லாவிட்டால் இதை எழுத இன்று ஆளில்லை. சேற்றில் நீந்தி வெளியே வந்தால், கருப்பையா அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் தொந்தியோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். “ஆள் அடியில கெடக்கறப்ப ஏறுவாங்களாண்ணே?” என்று கத்தினேன். கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: “நீ மட்டும் நனையாம அடியில படுத்துக்குவ, நான் வெளிய நின்னு நனையணுமா? நல்லா இருக்கு தம்பி ஒன் நியாயம்!”

எலுமிச்சம்பழம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. சரோஜா வந்த அஞ்சாம் மாதம் ஆயுத பூசை. தவுக்கே அன்று பட்டறையை எங்கள் கையில் விட்டுவிடுவார். கருப்பையா அண்ணன் தன் லோரிக்கு அங்கேயே பூசை போடவேண்டும் என்று காலையிலேயே வந்து தோரணம் கட்டி, முன்பக்கம் முழுக்கத் தென்னங்கீற்றால் மறைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்கு முன் வண்டி எலுமிச்சம்பழத்தில் ஏறி இறங்கிவிட வேண்டும். லோரியின் முன்பக்கம் இன்னும் கட்டைமேல் நின்றது. ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு வருகிறேன் என்று, செருப்பை முன்னால் வைத்துவிட்டு நான் அடியில் போனேன்.

அப்புறம் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். சரோஜா பூசைத் தட்டோடு வந்திருக்கிறாள். பட்டறைக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை. வாழையிலை விரிக்கிற இடத்தில், சாமிக்கு நேரே, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு ஜோடிச் செருப்பு. எந்தப் பெண் சும்மா இருப்பாள்? எடுத்துக்கொண்டுபோய் வாசலில் மற்றவர்கள் செருப்போடு வரிசையாக வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். ஆ லோய் வந்து பார்த்தார். செருப்பு இல்லை. மாணிக்கம் சட்டை மாற்றப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். “நேரமாகுது தவுக்கே, எறக்குங்க லா!” என்று கருப்பையா அண்ணன் பறந்தார்.

நான் போல்ட்டை முறுக்கி முடித்துக் கண்ணை மூடியிருந்தேன். சாம்பிராணி வாசனை வந்தது. லோரி லேசாக மேலே எழுந்ததும், கட்டைகள் கயிற்றோடு நழுவிப் போனதும் தொட்டில் ஆட்டுவதுபோல்தான் இருந்தது. கண்ணைப் பாதி திறந்தேன். கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை டயருக்கு நேர் கீழே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, அது உருளாமல் பிடித்துச் சரி செய்தது. எவ்வளவு அழகான கை என்று நினைத்தேன். மஞ்சள் பழம், அதன்மேல் குங்குமம், அதற்கு மேலே கறுப்பாக டயர். டயருக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு சாண். அப்புறம் அரைச் சாண்.

தைப்பிங் போல்ட் ஞாபகம் வந்ததால்தான் நான் பிழைத்தேன்! டயர் தரையைத் தொட்டால் என் நெஞ்சுக்கும் அச்சுக்கும் நடுவே இடம் கிடையாது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், கனவில் கத்துகிற மாதிரி சத்தமே வரவில்லை. அந்தக் கை பழத்தை விட்டு விலகப் பார்த்தது. எட்டி அதன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். கறுத்த கை ஒன்று வண்டிக்கு அடியிலிருந்து வந்து பிடித்தால் யார்தான் அலறமாட்டார்கள்? சரோஜா அலறிய அலறலில் ஆ லோய் ஜாக்கியை அப்படியே நிறுத்தி, மறுபடி ஏற்றினார்.

வெளியே வந்தேன். என் பிடியில் அவளுடைய வளையல்கள் நொறுங்கிக் கிடந்தன, மணிக்கட்டில் ரத்தம். நல்ல நாளில் சுமங்கலி கையில் வளையல் உடைந்துபோச்சே என்று கருப்பையா அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. சரோஜா லோரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலில் தான் அடுக்கி வைத்த செருப்பைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள்: “வளையல்தானே ஒடைஞ்சிச்சு... வளையல்தானே...”

சந்தனப் பொட்டு

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஆ லோய் ஜாக்கிப் பக்கமே போகவில்லை. கட்டைகளில் இருந்த கயிறுகளை எல்லாம் தானே உட்கார்ந்து அறுத்துப் போட்டார். எனக்கும் அடியில் தூக்கம் போய்விட்டது. மலை அதே இடத்தில் நீலமாகத்தான் படுத்திருந்தது. கண்ணை மூடினால் டயர் தெரிந்தது, சத்தியமாகப் பயமாக இருந்தது.

அடுத்த வருஷ ஆயுத பூசைக்கு வாழையிலையில் ஸ்பேனர்கள், கையில் மிஞ்சியிருந்த ஜாக்கி, கட்டைகள் எல்லாம் பொட்டு வைத்து அடுக்கினோம். சரோஜா வீட்டிலிருந்து ஒரு பையில் என்னவோ கொண்டுவந்தாள். பார்த்தால் என் ஜப்பான் செருப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்து, காயவைத்து, அதற்கும் சந்தனப் பொட்டு வைத்து, குங்குமம் வைத்து, இலையின் ஓரத்தில் ஜோடியாக வைத்தாள். சாமி முன்னால் செருப்பா என்று கருப்பையா அண்ணன் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கற்பூரம் காட்டி முடிந்ததும் கருப்பையா அண்ணன் லோரியைக் கட்டையிலிருந்து இறக்கவேண்டும். ஆ லோய் அந்த மடங்காத காலை நீட்டிப்போட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னம் சிமெண்டைத் தொடுகிறவரை கீழே சாய்ந்து லோரிக்கு அடியில் பார்த்தார். என் பேரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார். நான் அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். “தவுக்கே, அதான் செருப்பு இலையில இருக்கே, நான் இங்க இருக்கேனே” என்றேன். எழுந்திருக்காமலே சொன்னார்: “செருப்ப சாமி பாக்கட்டும் லா, ஆள நான் பாக்கறேன்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் செருப்பை எங்கே கழற்றிப் போட்டேனோ அங்கேயேதான் கிடக்கிறது. அது சாமி அறை வாசலிலேயே கிடந்தாலும், சரோஜா தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறாள்.