பேச்சு விட்டுப்போன வீதியில் பாலகோபால்

பாலகோபாலின் வம்சத்தில் எந்த ஆம்பளையும் அறுபதைப் பார்த்ததில்லை. அவன் தாத்தா பருத்தி மூட்டை ஏற்றிய வண்டியிலேயே சாய்ந்துபோனார். அப்பா மில்லில் ஷிப்டு முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது போனார். பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டார். ரசம் வருவதற்குள் அவர் இல்லை. சித்தப்பாவும் அப்படித்தான். எல்லோருக்கும் நெஞ்சு. எல்லோருக்கும் ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில். அதனால் அந்த வீட்டில் அறுபதாம் கல்யாணம் என்று ஒன்று நடந்ததே கிடையாது. பொம்பளைகள் அடுத்த வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

நான் அந்த வீட்டு மூத்த மருமகன். பாலு என் சம்சாரத்தின் கடைசித் தம்பி. நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசும் சனம். அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுவோம். சிங்காநல்லூரில் பம்புக்கு சாமான் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருக்கிறான் பாலு. அவன் சம்சாரம் பங்காரம்மாவுக்கு நகையில் ஆசை இல்லை, ஊர் சுற்றிப் பார்ப்பதில் ஆசை இல்லை. ஒரே ஒரு ஆசைதான். அந்த வீட்டில் முதல் ஆளாக அறுபதாம் கல்யாண மணையில் உட்கார வேண்டும். கூடவே அவனும் உட்கார வேண்டும்.

ஐம்பத்தெட்டு முடிகிற சமயத்தில் பட்டறை மாடிப்படி ஏறும்போது பாலுவுக்கு நெஞ்சைப் பிடித்தது. பங்காரம்மா அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாள். நானும் போனேன். ஜெனிஷா என்று ஒரு டாக்டரம்மா. எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு அறுவை எதுவும் வேண்டாம் என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. அப்புறம் ரத்த டெஸ்டைக் காட்டினார்.

"கெட்ட கொழுப்பு கொஞ்சம் கூட இருக்குதுங்க. அதுக்கு மாத்திரை தாரேன். ஆனா நல்ல கொழுப்பு முப்பத்தொண்ணுதான் இருக்குது. ஆம்பளைங்களுக்கு நாப்பதாச்சும் இருக்கோணும்."

"அதுக்கும் ஒரு மாத்திரை எழுதிப்போடுங்க டாக்டர்" என்றான் பாலு.

"அதை மாத்திரை குடுத்து ஏத்தறதுல பெருசா பிரயோசனம் இல்லீங்க. உங்க காலும் உங்க ஊட்டு அடுப்பும்தான் ஏத்தோணும். ரத்தக்குழாய்ல ஒட்டியிருக்கற அழுக்கை அள்ளிட்டுப் போற ஆளுன்னு நெனச்சுக்குங்க அதை."

பாலு தலையை ஆட்டினான். "எங்க பட்டறைல துகள் கூட்டி அள்ளற ஆளு ஒரு வாரம் வரலீன்னா மிஷின் சுத்தாதுங்க. அப்படித்தானுங்களே?"

"அப்படியேதான். சிகரெட்டை விடுங்க. பேக்கரி பப்ஸை விடுங்க. பொரிச்ச எண்ணெய்லயே மறுபடி பொரிக்காதீங்க. மீனு, கடலை, கொள்ளு, காய்கறி சேத்துங்க. சோத்தைக் கொறைங்க. தெனமும் வேர்க்கற மாதிரி வேகமா நடங்க."

பங்காரம்மா அன்றைக்கே அடுப்படியைப் புரட்டிப் போட்டாள். வடைச்சட்டி பரணுக்குப் போனது. சோறு இருந்த இடத்தில் கம்பும் ராகியும் வந்தன. கொள்ளுப் பருப்பும் அவித்த கடலையும் வந்தன. அதுவரை வஞ்சிரம் தவிர வேறு மீன் வாங்காதவள், உக்கடம் மார்க்கெட்டில் தாரிக்கிடம் விலை மலிந்த மத்தி மீன் கேட்டாள். தாரிக் பத்து வருடமாக அவளுக்கு மீன் வெட்டித் தருகிற ஆள். "என்னம்மா, பட்டறைல வேலை கம்மியா?" என்று கேட்டுவிட்டானாம். "உன்ற வாய்ல மொளகா வெக்க. நல்ல மீனா அள்ளிப் போடு" என்று திட்டி வாங்கி வந்தாள். சிகரெட்டை பாலு இரண்டு தடவை விட்டுவிட்டு மறுபடி பிடித்தான். மூன்றாம் தடவை பங்காரம்மா ஒன்றும் சொல்லாமல் மாமனார் போட்டோவைக் கொண்டுவந்து அவன் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். அதோடு நின்றது.

நடையும் ஆரம்பித்தான். மகள் ஹாரிகா வெள்ளை ஷூ வாங்கிக் கொடுத்தாள். விடியக்காலை கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வருவான். பங்காரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் சில மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால் நல்ல கொழுப்பு இருபத்தொன்பது. எடையும் கூடியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். பங்காரம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, நடக்க நடக்க எறங்குதுங்களே! நாளைக்கு நீங்க அவரு கூடப் போயிப் பாருங்க. எனக்கென்னமோ பயமா இருக்குது."

மறுநாள் போனேன். வீட்டை விட்டு நாலாவது வாசலில் எங்கள் ரங்கநாயகி சின்னம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாலு, வா கண்ணு. பாவாவைக் கூட்டியாந்திருக்கறயா? உள்ள வாங்க, காபி கலக்கறேன்."

"இல்லீங் சின்னம்மா, நடந்துட்டு..."

"வாசலோட போறது என்ன பழக்கம்? எங்க ஊட்டுல பச்சைத்தண்ணி குடிச்சா ஆகாதா?"

இந்த ஒரு சொல்லுக்கு எங்கள் பக்கம் எதிர்ச்சொல் கிடையாது. உள்ளே போனோம். காபியோடு நெய் மிதக்கும் பொங்கல் வந்தது. அடுத்த வீதியில் என் மச்சினி மகள் ஷ்ரவ்யா வீடு, அங்கே ஒப்புட்டு, நெய் ஊற்றிய பருப்புப் போளி. அதற்கு அடுத்ததில் பாலுவின் சம்பந்தி வீடு. சம்பந்தி வீட்டில் ஒன்றோடு எழுந்தால் அது அவமரியாதை, ஆகையால் இரண்டு உளுந்து வடை. ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் நடந்தது எங்கள் வீதி நீளம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் சாப்பிட்டோம்.

"ஏன்டா பாலு, இதுக்குப் பேரு வாக்கிங்கா?"

"நான் என்னங்க பாவா பண்ணட்டும்? வேண்டாம்னா மூஞ்சி வாடிப்போகுது."

"ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிப்போட வேண்டியதுதானே?"

"சொன்னா அவ்வளவுதானுங்க. சாயங்காலத்துக்குள்ள ஆப்பிளும் பிஸ்கட்டும் தூக்கிட்டு வேன்ல வந்து எறங்கிருவாங்க. அந்த வம்சத்துக்கு அறுபது ஏதுன்னு என்ற காதுபடவே பேசுவாங்க. பங்காரு தாங்க மாட்டா."

குளத்தங்கரைக்குப் போகச் சொன்னேன். அங்கேயும் போய்ப் பார்த்தானாம். கூட நடக்கிற சிநேகிதர்கள் ஒரு சுற்று முடித்ததும் நேராகப் பேக்கரிக்குள் நுழைகிறார்களாம்.

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். யார் வீடு எங்கே, யாருக்கு யார் என்ன முறை, யார் யாரோடு எந்த வருடம் எதற்குப் பேச்சை விட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சிங்காநல்லூரில் எங்கள் சனம் இல்லாத வீதி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் எங்களோடு பேசாத சனம் ஒரே வீதியில் வரிசையாக இருந்தது. முதல் வீட்டுக்காரர் வேலிக்கல் சண்டையில் பேச்சை விட்டவர். அதற்கடுத்தவர் நாங்கள் பெண் கேட்டும் கொடுக்காதவர். மூன்றாமவரை ஒரு சீர் விருந்தில் முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. கடைசி வீடு கோபாலசாமி வீடு. அவன் பாலுவின் சித்தப்பா மகன், சொந்தப் பங்காளி, பாலுவுக்கு இரண்டு வயது இளையவன். ஹாரிகா கல்யாணத்துக்கு அவனுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை போய்விட்டது. நேரில் வைக்கலாம் என்று இருந்ததற்குள் நாள் நெருங்கிப் போனது. "போன்ல வந்தா அது அழைப்பா, வெளம்பரமா?" என்று கேட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வராமலே இருந்துவிட்டான்.

"பாலு, நாளையிலிருந்து அந்த வீதியில நட. ஒருத்தனும் காபிக்குக் கூப்பிட மாட்டான்."

அவன் சிரித்த சிரிப்பில் சின்னம்மா வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

அந்த வீதியைப் போல நடைக்கு வேறு வீதி கிடையாது. கோலம் போடுகிறவள் எங்களைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொள்வாள். பேப்பர் படிக்கிறவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்குவார். பேச்சு இல்லாதவர் வாசலைத் தாண்டும்போது கால் தானாகவே வேகம் பிடிக்கும். ஒரு கோடி முதல் மறு கோடி வரை, அப்புறம் திரும்ப, மறுபடி என்று பாலு சட்டை நனைய நடந்தான். நான் இரண்டு சுற்றோடு கோயில் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். ஒரு பயலும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கவில்லை.

வயிறு இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டான். மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினான். அடுத்த டெஸ்டில் முப்பத்தைந்து. அதற்கும் அடுத்ததில் முப்பத்தெட்டு. மெதுவாகத்தான் ஏறும் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். அறுபதுக்கு நாலு மாதம் இருக்கையில் நாற்பத்திரண்டு வந்தது.

"வெரிகுட்ங்க" என்றார் டாக்டரம்மா. "நடையை மட்டும் விட்டுப்போடாதீங்க. விட்டா மறுபடி எறங்கிரும்."

பங்காரம்மா அன்றைக்கே ஜோசியரிடம் நாள் பார்த்துவிட்டாள். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. முதல் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இந்தத் தடவை ஒருத்தருக்கும் போன்ல கிடையாது. எல்லாருக்கும் நேர்ல. கோபாலசாமி ஊட்டுக்கும் சேத்துத்தான்."

பாலு எழுந்து நின்றுவிட்டான். "ஏ பங்காரு, வெளையாடறயா? அவன் பேசாம இருக்கறதாலதான் நான் உசுரோட இருக்கறேன். பேச்சு வந்துருச்சுன்னா காபி வரும். காபி வந்தா வடை வரும். அப்புறம் எனக்கு நடக்கறதுக்கு வீதி ஏது?"

"பங்காளி இல்லாம மணைல உக்காந்தா அது என்னங்க கல்யாணம்?"

"உக்காரோணும்னா நான் இருக்கோணுமல்ல?"

இரண்டு பேர் சொல்வதும் சரி. கடைசியில் பங்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பாலு சட்டையை மாட்டினான்.

தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். கோபாலசாமி சம்சாரம் கதவைத் திறந்து ஒரு நிமிடம் திகைத்து நின்றாள். அப்புறம், "வாங்க வாங்க" என்றாள். கோபாலசாமி எழுந்து நின்று தட்டை வாங்கினான். பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"வாட்ஸ்அப்ல வருமுன்னு பாத்துட்டிருந்தேனுங்ணா."

"அது என்ற தப்புத்தான்டா. விடு."

"அது போகட்டுமுங்க. ஒரு வருசத்துக்கு மேலயே தெனமும் என்ற வாசலோட போறீங்க, வாரீங்க. பேச வந்துட்டு வெக்கப்பட்டுட்டுப் போறீங்கன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் என்னைய வெறுப்பேத்தறதுக்குன்னே போறீங்கன்னு நெனச்சேன். வெள்ளை ஷூ வேற!"

பாலு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். பங்காரம்மாதான் உடைத்துச் சொன்னாள். நெஞ்சு பிடித்தது, முப்பத்தொன்று, பொங்கல், ஒப்புட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "உங்க ஊட்டுலதான் யாரும் சாப்பிடக் கூப்புட மாட்டாங்கன்னு இங்க நடந்தாருங்க."

கோபாலசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்து நாற்காலியில் விழுந்தான். அடுப்படியில் இருந்து அவன் சம்சாரம் முறுக்குத் தட்டோடு வந்து நடுவில் நின்றுவிட்டாள்.

"இவருக்கும் முப்பதுதானுங்க அக்கா" என்றாள். "போன மாசம் பாத்தோம். வெளிய சொல்லாதன்னு என்ற வாயைக் கட்டிப்போட்டாரு. உங்களை மாதிரியேதான், சொன்னா ஆப்பிள் தூக்கிட்டு வந்துருவாங்கன்னு பயம்."

அந்த வம்சத்தில் அடுத்து அறுபதைப் பார்க்க வேண்டியவன் இவன்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பங்காரம்மா எழுந்துபோய் அவள் கையில் இருந்த முறுக்குத் தட்டை வாங்கிக்கொண்டாள். "கொள்ளு இருக்குதா ஊட்டுல? மத்தி மீன் திம்பாரா?" என்று கேட்டபடியே அவளை அடுப்படிக்குள் கூட்டிப் போனாள். வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் விடியக்காலை பாலு பயந்துகொண்டேதான் அந்த வீதிக்குள் நுழைந்தான். கோபாலசாமி வாசலில் நின்றிருந்தான்.

"காபி கீபியெல்லாம் கெடையாதுங்ணா" என்றான். காலில் புது ஷூ. "நடங்க."

மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் பேப்பருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டே வேகமாக நடப்பதை அந்த வீதி பார்த்து எத்தனை காலம்! அவர்களுக்கும் பத்திரிகை போயிற்று. "நடக்கறவங்களுக்குக் காபி குடுக்கறதில்லை" என்று கோபாலசாமி வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்துவிட்டான். சொன்னது பங்காளி என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கிணத்துக்கடவுப் பக்கத்து ஒறம்பரைச் சனம் மட்டுமே இரண்டு பஸ் வந்தது. கலசத் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். கோபாலசாமி முறை வந்தது. சல்லடை வழியாக ஊற்றிக்கொண்டே குனிந்தான்.

"அண்ணா, அடுத்த வருசத்துக்கு அடுத்த வருசம் எனக்கு நீங்கதான் ஊத்தோணும்."

"ஊத்தறேன்டா. நாளைக்குக் காலைல வாசல்ல நில்லு."

"நாளைக்குமா? மாப்பிள்ளைக்கு லீவு கெடையாதுங்களா?"

"கெடையாது" என்றாள் பங்காரம்மா, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

இரண்டு பேரும் பட்டு உடுத்திக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தார்கள். முதல் கல்யாணத்தில் அவள் தலையைக் குனிந்தது குனிந்தபடியே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது பத்தொன்பது வயது. இந்தத் தடவை கெட்டிமேளம் கொட்டி அவன் தாலியைக் கட்டும்போது அவள் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பங்காரு, அப்படிப் பாக்கறே?"

"அறுபது வயசு ஆம்பளையை இந்த ஊட்டுல இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றாள்.